சனிக்கிழமை ராத்திரிக்கு முன் மூன்று வாரம்: போஸ்ட்கிரெஸ் அப்கிரேடுக்குத் தயாராவது

பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகக் கிடங்கு. அதன் டேட்டாபேஸை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 13-ஆம் பதிப்பில் ஓடுகிறது. 13-க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டதால், இனி அதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தாலும் யாரும் அடைத்துத் தரப்போவதில்லை. 18 வெளியாகிவிட்டது என்றாலும் பில்லிங் மென்பொருள் செய்தவர்கள் 17 வரைதான் சோதித்திருக்கிறார்கள். அதனால் 17-க்குப் போகிறோம். டீமுக்குப் புதிதாக வந்த ஓசூர்த் தம்பி, "அக்கா, பிஜி_அப்கிரேட் ஒரு கமாண்டுதானே? இந்தச் சனிக்கிழமை ராத்திரியே முடிச்சிடலாமே" என்றான். பழைய பதிப்பின் டேட்டாவைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தரும் கருவிதான் பிஜி_அப்கிரேட். மூன்று வாரம் வேண்டும் என்றேன். அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வோம் என்று அவனுக்குச் சொன்னது இது.

முதலில் ரிலீஸ் நோட்ஸ், அதாவது ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற குறிப்பு. 17-க்கு உரியதை மட்டும் படித்தால் போதாது; 14, 15, 16, 17 நான்கையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்களைத் தனிப் பகுதியாகவே கொடுத்திருப்பார்கள். 14-ல் புதிய பாஸ்வேர்டுகள் ஸ்க்ராம் என்ற இன்னும் பாதுகாப்பான முறையில் சேமிக்கப்படும்படி மாற்றினார்கள். எம்டி5 என்ற முந்தைய முறையில் சேமித்த பழைய பாஸ்வேர்டு அப்படியே வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து யாராவது பாஸ்வேர்டை மாற்றும்போதுதான், பழைய டிரைவரில் (டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருளில்) ஓடும் பார்கோடு ஸ்கேனர் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். 15-ல் பேக்கப் தொடங்கும் ஃபங்ஷனின் பெயரே மாறியது. யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் பழைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அப்கிரேட் முடிந்த நாளிலிருந்து உங்களுக்கு பேக்கப் இல்லை. எங்களிடம் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

எக்ஸ்டென்ஷன்களை, அதாவது போஸ்ட்கிரெஸில் கூடுதலாகச் சேர்த்த துணை மென்பொருள்களை, பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 17-க்கான பேக்கேஜ் புது இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்றங்களை வேறொரு டேட்டாபேஸுக்கு அனுப்ப, எதுவரை அனுப்பியாயிற்று என்று குறித்து வைப்பது) இருந்தால் 13-லிருந்து அது கூட வராது, புதிதாக உருவாக்க வேண்டும். ரிப்போர்ட் டீமிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதன்பின் நான் செய்வது, பயன்படுத்துகிறவர் பக்கத்தில் போய் உட்காருவது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடம் மாறி, காலை எட்டரைக்கெல்லாம் கிடங்குக் கவுண்டரில் இருந்தேன். அங்கே இருக்கும் தர்மபுரி அண்ணன், "காலைல வந்ததும் பாக்கி லிஸ்ட்தாம்மா. அது வராம லாரிக்கு லோடு ஏத்த முடியாது" என்றார். டேட்டாபேஸின் புள்ளிவிவரத்தில் அந்த பாக்கி லிஸ்ட் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எங்கோ அடியில் கிடந்தது, ஏனென்றால் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் ஓடும். அவர் சொன்னதிலிருந்து பத்து குவெரி எடுத்தேன். ஒத்திகையில் நான் சோதிப்பது இந்தப் பத்தைத்தான்.

ஒத்திகைக்கு முழு டேட்டா வேண்டும். கால்வாசி டேட்டாவை வைத்துச் செய்கிற ஒத்திகை நேரக் கணக்குக்கு உதவாது. ராத்திரி பேக்கப்பிலிருந்தே நகலை உருவாக்குங்கள். பேக்கப் உண்மையில் திரும்ப எழும்புகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். முதலில் செக் ஆப்ஷனோடு பிஜி_அப்கிரேடை ஓட்டினால், எதையும் மாற்றாமல் தடைகளை மட்டும் சொல்லும். அவற்றைச் சரிசெய்துவிட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிஜமாகவே ஓட்டுங்கள். எங்களுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் முறையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. லிங்க் முறையில் நான்கே நிமிடம். லிங்க் முறையில் பழையதும் புதியதும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் புதிய சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் அந்தப் பழைய கிளஸ்டரை, அதாவது பழைய சர்வரின் மொத்த டேட்டாவை, அதன்பின் நம்பி ஓட்ட முடியாது.

ஒத்திகையில் அப்கிரேட் முடிந்த உடனே பாக்கி லிஸ்டை ஓட்டிப் பார்த்தான் தம்பி. திரை அப்படியே நின்றது. பயந்துவிட்டான். 17 வரை, குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானருக்கு வேண்டிய புள்ளிவிவரங்களை பிஜி_அப்கிரேட் எடுத்துவருவதில்லை, 18-லிருந்துதான் கொண்டுவருகிறது. எந்த டேபிளில் எத்தனை வரி (ரோ), எந்த மதிப்பு எவ்வளவு அதிகம் என்று எதுவும் தெரியாமல் பிளானர் வழி தேடிக்கொண்டிருக்கும். வேக்யூம்டிபி கமாண்டில் கட்டம் கட்டமாக அனலைஸ் செய்யும், அதாவது அந்தப் புள்ளிவிவரங்களைத் திரும்பச் சேகரிக்கும், ஆப்ஷன் இருக்கிறது. முதல் கட்டம் மேலோட்டமாக, சீக்கிரம் முடியும். அது முடிவதற்குள் ஆப்பைத் திறக்காதீர்கள். இந்த நேரத்தையும் ராத்திரிக் கணக்கில் சேருங்கள்.

இனி, என்னைப் பல வருடம் தூங்கவிடாத விஷயம். முன்பு வேலை பார்த்த இடத்தில் டேட்டாபேஸ் அப்கிரேடோடு மெஷினையும் மாற்றினோம், உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கு. டேட்டா கோப்புகளை அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை கவுண்டரில் பெட்டி கையில் இருக்கிறது. அதன் எண்ணை அடித்தால் "இல்லை" என்கிறது திரை. அந்த எண்ணுக்குரிய வரி (ரோ), டேபிளில் இருக்கத்தான் செய்தது. சீக்கிரம் தேடுவதற்காக வரிசைப்படுத்தி வைத்த இண்டெக்ஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் அதே எண்ணைப் புதிதாகச் சேர்க்க, ஒரே எண் இரண்டுமுறை வராமல் தடுக்க வேண்டிய யுனிக் இண்டெக்ஸ் அதையும் அனுமதித்தது.

காரணத்தைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். "1-1", "11" என்ற இரண்டு வரிகளை ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழைய மெஷினில் 11 மேலே வரும், 1-1 கீழே. புதிய மெஷினில் 1-1 மேலே. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்ஸி 2.28-ல், 2018-இல், எழுத்து வரிசை விதிகள் மாறின. போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது, தேடுவதோ புதிய வரிசையில். உதிரிபாக எண் முழுக்க நடுக்கோடுதான், யோசித்துப் பாருங்கள். இரட்டை வரிகளைச் சேர்த்துச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு ராத்திரி போனது. அதனால் இயங்குதளத்தையும் டேட்டாபேஸையும் ஒரே ராத்திரியில் மாற்ற நான் சம்மதிப்பதில்லை. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் எழுத்து வகை நெடுவரிசைகளின் (டெக்ஸ்ட் காலம்) இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யும், அதாவது புதிதாகக் கட்டும், நேரத்தையும் ஒத்திகையில் அளந்துகொள்ளுங்கள்.

தேதி குறிப்பது அடுத்தது. ஜிஎஸ்டி தாக்கல் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வருகிறது. அதற்கு முந்தைய நாட்கள் வேண்டாம், மாத முடிவும் வேண்டாம். கிடங்கு முதலாளி ஆயுத பூஜை விடுமுறையில் செய்யச் சொன்னார். அன்று பீன்யாவே அமைதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் டீமில் பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள்; சிக்கல் வந்தால் கூப்பிட ஆள் இருக்காது. எல்லாரும் ஊரில் இருக்கும் சாதாரணச் சனிக்கிழமையே மேல்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. பத்தரைக்கு ஆப்பை நிறுத்துகிறோம். பிரைமரியை (முதன்மை சர்வரை) முதலில் ஷட்டவுன் செய்து, பிறகு அதன் நகலாக ஓடும் ஸ்டான்ட்பையையும் நிறுத்தி, இரண்டிலும் கடைசி செக்பாயின்ட் (எதுவரை டேட்டா டிஸ்கில் எழுதப்பட்டது என்ற குறி) ஒன்றாக இருக்கிறதா என்று பிஜி_கண்ட்ரோல்டேட்டா என்ற கருவியில் பார்க்கிறோம். அந்த ஸ்டான்ட்பை 13-லேயே தொடாமல் கிடக்கும். லிங்க் முறையில் போனாலும் எங்களுக்குத் திரும்ப ஓர் இடம் அதுதான். ஒன்றேகாலுக்குள் பத்து குவெரியும் சரியாக வரவில்லை என்றால் அதை பிரைமரியாக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஆப்பைத் திறந்து ஒரு பில் விழுந்துவிட்டால், பின்வாங்கும்போது அந்த பில்லை இழப்போம். ஆகவே முடிவை அதற்கு முன்பே எடுக்க வேண்டும். முடிவெடுப்பது ஒருவர் மட்டும். அவர் பெயரும் நேரமும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

பழைய கிளஸ்டரை அழிக்க பிஜி_அப்கிரேட் ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைத்துவிட்டுப் போகும். மாத முடிவுக் கணக்கு முடிந்து, பாக்கி லிஸ்ட் சரியாக இருக்கிறது என்று தர்மபுரி அண்ணன் சொல்லும்வரை அதை ஓட்டவும் கூடாது, அந்த ஸ்டான்ட்பையைத் தொடவும் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.