60 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 120

டிசம்பர் அடைமழையில் சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து வீடு திரும்பும்போது கார் டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்தே எரிந்தன. பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் யூ0121 என்ற கோட், அதாவது ஏபிஎஸ் மாட்யூலோடு (அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு) தொடர்பு அறுந்தது. ஒரு பட்டறையில், "மாட்யூலையே மாத்திடுங்க அண்ணே" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கோட் 'பேச்சு நின்றுவிட்டது' என்று மட்டும்தான் சொல்கிறது. மாட்யூல் செத்துப்போனது என்று சொல்லவில்லை.

மறுநாள் புளோக் கார்நிறுத்தத்தில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 120 ஓம் காட்டியது.

அந்த இரு பின்களும் கேன் பஸ்ஸோடு, அதாவது காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயரோடு, சேர்ந்தவை. அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்று இருக்கும். இணையாக இருப்பதால் மீட்டரில் சுமார் 60 வரவேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 0 வந்திருந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். என் காரில் ஒரு முனை ரெசிஸ்டர் ஏபிஎஸ் மாட்யூலுக்குள்தான் இருக்கிறது.

அதன் கனெக்டரைக் கழற்றினேன். ரப்பர் சீல் ஓரம் மடங்கி, உள்ளே ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தால் கேன் பின் ஒன்றில் பழைய செம்புக் குடத்தில் பிடிப்பதுபோல் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, சீலை நேராக்கி மாட்டினேன்.

மீட்டரில் 60.4. ஸ்கேனரால் அந்த யூ0121 கோட்டை அழித்தேன். அதன்பின் மூன்று பெருமழை பார்த்தாயிற்று, விளக்கு எரியவில்லை.