மெய்நிகர் சர்வரா, நிர்வகிக்கப்படும் கிளவுட் சேவையா: தேர்ந்தெடுப்பது எப்படி?

செயலியை எங்கே ஏற்றுவது என்று யோசிக்கும்போது பெரும்பாலோர் முதலில் மாத வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்கும் முன்பு, தரவுத்தளம் பழுதானால் அதை மீட்கும் பொறுப்பு யாருடையது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மெய்நிகர் சர்வர் என்பது நிறுவனத்தின் பெரிய கணினி ஒன்றில் உங்களுக்கென ஒதுக்கப்படும் பங்கு; நிர்வகிக்கப்படும் சேவையிலோ பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். மெய்நிகர் சர்வரில் வாடகை பெரும்பாலும் நிலையானது. கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் தரும் ரூட் அனுமதி உங்களிடம் இருக்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள், ஃபயர்வால், தொலைவிலிருந்து சர்வரில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள், பேக்கப் ஆகிய அனைத்தும் உங்கள் வேலையாகிவிடும். உபுண்டு இயங்குதளத்தின் நீண்டகால ஆதரவுப் (எல்டிஎஸ்) பதிப்புக்குக்கூட இயல்பான ஆதரவு 5 ஆண்டுகள்தான். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பேக்கப்பில்தான் தெளிவாகத் தெரியும். தினமும் இரவு 2 மணிக்கு போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின் தரவை டம்ப் எடுக்கிறீர்கள் (முழு நகலாகக் கோப்பில் சேமிக்கிறீர்கள்) என்று வைத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்கு ஒருவர் நிபந்தனை எதுவும் கொடுக்காமல் டெலீட் கட்டளையை இயக்கிவிட்டால், ஓர் அட்டவணை முழுவதும் அழிந்துவிடும்; அதில் இடைப்பட்ட 15 மணி நேரத்தில் சேர்ந்த பதிவுகள் திரும்பக் கிடைக்கா. அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற நிர்வகிக்கப்படும் தரவுத்தளச் சேவையிலோ, தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள்கள் வரை வைத்துக்கொண்டு, தவறு நேர்வதற்குச் சற்று முந்தைய நொடியின் நிலையில் புதிய தரவுத்தளம் ஒன்றை எழுப்பிக்கொள்ளலாம். டிரான்சாக்‌ஷன் லாகுகளை (தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவுகளை) தொடர்ந்து வேறிடத்தில் சேமித்தால் மெய்நிகர் சர்வரிலும் இது முடியும். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிய சர்வர் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, நேற்றைய பேக்கப்பை அதில் மீட்டு, செயலி இயங்கும் வரை எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையும் இடைப்பட்ட தரவு இழப்பையும் உங்கள் பயனர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் சாதாரண மெய்நிகர் சர்வரே போதும். கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

நிர்வகிக்கப்படும் சேவைகளுக்கும் வரம்புகள் உண்டு. போஸ்ட்கிரெஸில் எல்லாவற்றையும் மாற்றக்கூடிய முழு சூப்பர்யூசர் உரிமை பொதுவாகக் கிடைக்காது. நிறுவனம் அனுமதித்த எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் வசதி தரும் இணைப்புகளை) மட்டுமே நிறுவலாம் என்பதால் அந்தப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நிரலை மட்டும் கொடுத்தால் தேவைப்படும்போது இயக்கித் தரும் அமேசானின் லாம்ப்டாவில், வழக்கமாக ஒரு வேலை ஒரு தடவைக்கு 15 நிமிடங்களுக்கு மேல் ஓடாது. வெளியே செல்லும் தரவு, லாக் சேமிப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் விழும். பட்ஜெட் எச்சரிக்கை உங்களுக்குத் தகவல் சொல்லுமே தவிர, தானாகச் செலவை நிறுத்திவிடாது. வெளியேறும் வழியையும் கவனியுங்கள்: போஸ்ட்கிரெஸ் தரவை டம்ப் எடுத்து எங்கும் கொண்டுபோகலாம், அமேசானுக்கே உரிய டைனமோடிபி தரவுத்தளத்திலிருந்து விலக வேண்டுமானால் நிரலையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

சிறிய குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது, செயலியைச் சாதாரண சர்வரிலும் தரவுத்தளத்தை மட்டும் நிர்வகிக்கப்படும் சேவையிலும் வைப்பதைத்தான். செயலி சர்வர் போனாலும் நிரலைச் சேமித்து வைத்திருக்கும் கிட்டிலிருந்து மறுபடியும் நிறுவிவிடலாம். இரண்டும் ஒரே டேட்டா சென்டர் வட்டாரத்தில் இருப்பது முக்கியம், ஏனெனில் செயலி தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு வினவலுக்கும் 30 மில்லிவினாடி தாமதமானால், அடுத்தடுத்து 40 வினவல்கள் கேட்கும் பக்கம் ஒன்று திறக்க, காத்திருப்பு மட்டுமே 1.2 வினாடி ஆகிவிடும்.