கடலில் மூழ்கியவரை மீட்டல்: நர்சிங் மாணவர்களுக்குச் சிமுலேஷன் பயிற்சி நடத்தும் முறை

ராமநாதபுரம் கடலோரத்தில் பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேரும் நர்ஸ், கடலில் மூழ்கியவரை எந்த ஷிஃப்டிலும் எதிர்கொள்ள நேரலாம். அதை நோயாளி வந்த பிறகு கற்க முடியாது. விலை உயர்ந்த கருவி இல்லாமலே இந்தச் சிமுலேஷன் (நிஜம்போலவே செய்து பழகும்) பயிற்சியை நடத்தலாம். இடுப்பு வரையுள்ள சாதாரண சிபிஆர் மேனிகின் (மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்துப் பழகும் பொம்மை) போதும்.

1. நோக்கத்தைச் சுருக்குங்கள். இரண்டே இலக்கு: மூச்சு கொடுப்பதில் தொடங்குவது, மேல்சிகிச்சைக்குச் சரியாகத் தகவல் சொல்லி அனுப்புவது. ஐந்தாறு இலக்கு வைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

2. களத்தை அமையுங்கள். பாசி எடுக்கப் போன பெண், வயது 40, ஷேர் ஆட்டோவில் கொண்டுவரப்படுகிறார். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. மேனிகினுக்குச் சேலை, மேலே முழுக்கைச் சட்டை போடுங்கள். மேனிகினுக்குக் கை இல்லையென்றால் ரப்பர் கையுறையில் பஞ்சு அடைத்து வைத்து, பாசி எடுப்பவர்கள் சுற்றிக்கொள்வதுபோல் விரல்களில் துணி சுற்றுங்கள். அதை அவிழ்க்காமல் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்ட முடியாது. அவிழ்த்தாலும் குளிர்ந்த விரலில் அளவு சரியாக வராது. மாணவர்கள் அந்த எண்ணை நம்பி நிற்கிறார்களா என்று கவனியுங்கள். துணியை நல்ல தண்ணீரில் நனையுங்கள், கடல்நீர் வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மூழ்கியவர் வாயில் வரும் நுரைக்குப் பதிலாகச் சோப்பு நுரையைக் கன்னத்தில் மட்டும் தடவுங்கள், வாய்க்குள் போனால் வால்வு அடைக்கும்.

ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), ஆக்சிஜன், சக்‌ஷன் (உறிஞ்சும் கருவி), துடைக்க உலர்ந்த துண்டு அருகில் இருக்கட்டும்.

3. முன்விளக்கம், 10 நிமிடம். மேனிகினைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். இது மதிப்பெண்ணுக்கான தேர்வு அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான்கு பேர் செய்ய, மற்றவர்கள் கடிகாரம் பார்த்து நடப்பதை நேரத்தோடு குறிக்க வேண்டும்.

4. நடத்துங்கள், 8 முதல் 10 நிமிடம். ஒருவர் உறவினராக நடிக்கட்டும்: "சிஸ்டர், வயித்த அமுக்கித் தண்ணிய எடுங்க!" நிஜத்திலும் இந்த அழுத்தம் வரும். வயிற்றை அமுக்கினால் வாந்தி மேலேறி நுரையீரலுக்குள் போகும். மாணவர் பணிவாக மறுத்துத் தன் வேலையைத் தொடரப் பழக வேண்டும்.

முதல் மூச்சுகள் சில வழிகாட்டுதல்களில் 2, சிலவற்றில் 5. உங்கள் கல்லூரி பின்பற்றுவதை மாற்றாதீர்கள். பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு. ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒருவர் இரு கையால் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்தட்டும். ஒரு மூச்சுக்கு 1 விநாடி. மார்பு உயர்வது தெரிந்தால் போதும். பையை முழுதாக நசுக்கினால் காற்று வயிற்றுக்குப் போகும். மாணவர்கள் நுரையை உறிஞ்சிக்கொண்டே நேரத்தை இழப்பார்கள். நுரை வந்துகொண்டேதான் இருக்கும், மூச்சு கொடுப்பதை நிறுத்தக் கூடாது. வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி சக்‌ஷன் செய்யலாம். ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) பேட் ஒட்டுமுன் மார்பைத் துடைக்க வேண்டும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனில் சொல்வதும் பயிற்சிக்குள்தான்: யார், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீருக்குள், இப்போதைய நிலை, என்ன தேவை.

5. டிப்ரீஃபிங் (முடிந்தபின் நடந்ததைப் பேசிப் பார்ப்பது), 20 முதல் 30 நிமிடம். கற்றல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நேரம் போதவில்லை என்று இதை வெட்டுவதுதான் பெரிய தவறு. முதலில் அவர்கள் மனதில் இருப்பதைப் பேச விடுங்கள். அடுத்து, குறித்த நேரங்களை வாசிக்கச் சொல்லுங்கள்: முதல் மூச்சு எத்தனையாவது விநாடியில்? பிறகு கேளுங்கள்: "என்ன நினைச்சு முதல்ல மார்பை அமுக்கினீங்க?" இதயம் திடீரென நின்றவருக்கான வழக்கமான வரிசையைத்தான் (முதலில் அழுத்தம், பிறகு மூச்சு) சொல்வார்கள். மூழ்கியவருக்கு ஆக்சிஜன் இல்லாமல்தான் இதயம் நிற்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஆசிரியர் அதிகம் பேசினால் அது மறுபடியும் வகுப்பாகிவிடும்.

6. அன்றே மீண்டும் ஒருமுறை. நாடி இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்று மாற்றுங்கள். இப்போது மார்பு அழுத்தம் கிடையாது. 6 விநாடிக்கு ஒரு மூச்சு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை நாடிச் சோதனை. பதற்றத்தில் வேகமாகப் பையை அழுத்துவார்கள், ஒருவரைச் சத்தமாக எண்ண வையுங்கள்.