போருக்குப் பின் சமாதானம்: எஸ்டிபிஎம் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவர்களுக்கு வரலாறு டியூசன் எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகள் புதுசு, தவறு மட்டும் நாங்கள் படித்த காலத்துப் பழசு. ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்து விடுவது எல்லாம் தானாகச் சரியாகும், அவற்றை விடுகிறேன்.

வெர்சாயிலிருந்து ஹிட்லருக்கு ஒரே தாவல்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது 1919 வெர்சாய் ஒப்பந்தம் போர் இழப்பீட்டைச் சுமத்தியது. அதைப் பற்றிக் கேட்டால் பதில் இதுதான்: "ஒப்பந்தம் நசுக்கியது, பணம் காகிதமானது, மக்கள் ஹிட்லரிடம் போனார்கள்." போன வாரமும் ஒரு மாணவர் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி எழுதி வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நடுவில் பத்து வருடத்தைக் காணோம்!

போர்ச் செலவுக்கு ஜெர்மனி வரியைவிடக் கடனையும் அச்சடித்த நோட்டையும்தான் நம்பியது. அதனால் விலையேற்றம் ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் இழப்பீடு பாக்கி என்று ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் படியளக்க அரசு மேலும் நோட்டடித்தது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்தது, விலை நின்றது. 1924இல் டாஸ் திட்டம் இழப்பீட்டுத் தவணையை இலகுவாக்கியது, அமெரிக்கக் கடன் வந்து குவிந்தது.

1928 தேர்தலில் நாஜிகளுக்கு 2.6 சதவீதம்தான். 1932 ஜூலையில் 37.3. இடையில் நடந்தது என்ன? 1929 உலகப் பொருளாதார மந்தத்தில் அந்தக் கடன் வற்றியது, சான்சலர் (பிரதமர்) ப்ரூனிங்கின் அரசு செலவையும் சம்பளத்தையும் வெட்டியது, வேலையில்லாதவர்கள் 60 லட்சமானார்கள். அப்போது விலைகள் ஏறவில்லை, விழுந்தன. இழப்பீட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலையேற்றத்தையும் விலைவீழ்ச்சியையும் ஒன்றாக்கிவிட்டால் மிச்சக் கட்டுரை வீண்.

13,200 கோடி மார்க்

ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீடு என்று 1921இல் தாளில் எழுதிய தொகை. கட்டியது அதில் சிறு பகுதி.

மார்ஷல் திட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்க உதவி, 1948. சமாதான ஒப்பந்தம் அல்ல.

நம் ஊரை விட்டுவிடுவது

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு செய்த 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின்போது மலாயா காலனி. கையெழுத்துப் போட்டது பிரிட்டன். பர்மா, பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா மூன்றும் ஜப்பானோடு தனித்தனியாகப் பேசி இழப்பீடு வாங்கின. மலேசியாவுக்கு 1967இல்தான் 2.5 கோடி வெள்ளி (மலேசிய டாலர்), அதுவும் பொருளாகவும் சேவையாகவும் அரசுக்கு. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்களுக்கென்று அதில் எதுவும் ஒதுக்கவில்லை.

அப்புறம் வாழைமர நோட்டு, அதாவது ஜப்பானியர் ஆட்சியில் இங்கே அச்சடித்து விட்ட பணம். ஒரு மாணவி பாட்டியின் பிஸ்கட் டின்னிலிருந்து பத்து வெள்ளித் தாள் ஒன்றைக் கொண்டு வந்தாள். வரிசை எண்ணே இல்லை, எழுத்துகள் மட்டும். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அது செல்லாமல் போனது, மாற்றித் தரவும் ஆளில்லை. கட்டுரையின் ஆசியப் பகுதியை அதிலிருந்தே தொடங்கச் சொன்னேன்.