மாறுவதும் மாறாததும்: பைத்தன் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் பைத்தன் என்ற நிரல்மொழியைக் கற்பிக்கிறேன். அடைப்புக்குறி விடுபட்டால் கணினியே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவ்வகைப் பிழைகளை இங்கு விட்டுவிடுகிறேன். முறைப்பாடு எதுவுமின்றி ஓடிப் பிழையான விடை தருபவையே ஆபத்தானவை.

மாறாத சரத்தை மாற்ற முயல்வது

தமிழில் 'வந்து' என்ற வினையெச்சம் அப்படியே நிற்க, எண்ணையும் இடத்தையும் வினைமுற்றே ஏற்கிறது: வந்து போனேன், வந்து போனார்கள். பைத்தனின் சரமும், அதாவது எழுத்துகளின் தொடரும், அந்த எச்சத்தைப் போன்றதே. எழுத்தை மாற்றச் சொன்னால் பழைய சரத்தைத் தொடாமல் புதிய சரமொன்றைத் தரும். அதற்குப் பெயரிட்டு வைக்காவிட்டால் அது வீண்.

வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாக வைப்பது

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பற்றுச்சீட்டு நிரல் எழுதிக் கொடுத்தேன். அதில் 'இணை(பொருள், பட்டியல்=[])' என்றொரு சார்பு, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு, இருந்தது; எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளப்படும் இயல்பு மதிப்பு அந்த [] என்ற வெற்றுப் பட்டியல். பட்டியல் கொடுக்கப்படாதபோதெல்லாம் புதிய வெற்றுப் பட்டியல் பிறக்கும் என்று நம்பியிருந்தேன். வீட்டில் ஒவ்வொரு முறையும் நிரலைப் புதிதாகத் தொடங்கி ஒரேயொரு சீட்டைப் போட்டுப் பார்த்ததால் எதுவும் தெரியவில்லை. கடையிலோ காலையில் தொடங்கிய நிரல் இரவு வரை ஓடியது. முதலாமவர் இரண்டு வாளி பெயின்ட் வாங்கிச் சென்றார். அரை அங்குலக் குழாய் மட்டும் வாங்கிய இரண்டாமவரின் சீட்டிலும் அந்த வாளிகள் இருந்தன. "தம்பி, உங்கட புரோகிராமுக்கு ஞாபக சக்தி கூடிப்போச்சு" என்றார் முதலாளி. திருப்பிக் கொடுத்த காசு என் கூலியில் கழிந்தது.

சார்பை வரையறுக்கும் வரி இயங்கும்போது ஒரே முறைதான் அந்தப் பட்டியல் உருவாகிறது. பிறகு அழைக்கும் போதெல்லாம் அதே பட்டியல்தான் கைக்கு வருகிறது. இயல்பு மதிப்பாக 'நன்' (None) என்ற வெற்று மதிப்பை வைத்து, சார்பின் உள்ளே புதிய பட்டியலை உருவாக்க வேண்டும். சென்ற கிழமையும் ஒரு மாணவர் இதையே எழுதிவிட்டு, "ஓட்டிப் பார்த்தேன் சேர், சரியாக வருகிறது" என்றார். எத்தனை முறை ஓட்டினீர் என்று கேட்டேன், ஒரு முறையாம்.

சமக்குறியால் பட்டியலை நகலெடுப்பது

நகல் கிடைக்காது, அதே பட்டியலுக்கு இரண்டாவது பெயர்தான் கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்டின் 'கான்ஸ்ட்'

இன்னொரு நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இச்சொல் (const) பெயரைப் பூட்டுகிறதே தவிர, அப்பெயர் சுட்டும் பட்டியலைப் பூட்டுவதில்லை.

டியூப்பிளுக்குள் பட்டியல்

டியூப்பிள் (உருவான பின் உறுப்புகளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாத வரிசை) மாறாது, அதனுள் இருக்கும் பட்டியல் மாறும். அத்தகைய டியூப்பிளை அகராதியின் (சாவியைக் கொடுத்து மதிப்பைத் தேடும் தொகுப்பின்) சாவியாக வைக்க முயன்றால் மட்டும் பைத்தன் உடனே மறுத்துவிடும்.