ராமநாதபுரத்துக்குக் குடிவருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்று சொன்னதும் அலுவலகத்தில் துக்கம் விசாரிப்பது போலத்தான் எல்லோரும் பேசினார்கள். தண்ணியில்லாக் காடு என்று எந்த ஊரைச் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். திருச்சியில் பிறந்து வளர்ந்தவள் நான், குழாயைத் திறந்தால் காவிரி வருவதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. வந்து ஏழு வருடம் ஆகிறது, திரும்பிப் போக வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது மே, ஜூன் வந்தால் மாற்றல் உத்தரவோடு வீடு தேடுகிறவர்கள் தெரிந்தவர்கள் மூலமாக என்னிடம் கேட்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கலாம், பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எவ்வளவு என்று. தண்ணீரைப் பற்றி முதலில் கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் முதலில் பிடித்த வீடு புதுசு. வெள்ளை டைல்ஸ், காற்றோட்டம், வாசலில் வேப்பமரம். இருபது நிமிடத்தில் முடிவு செய்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒன்றரை மாதத்தில் ஷவர் அடைத்துக்கொண்டது, ஹீட்டரின் காயிலில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்தது, மகளுக்கு முடி கொத்தாகக் கொட்டியது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் முழித்துக்கொண்டு கிடந்தது. போர்வெல் தண்ணீர் அவ்வளவு உப்பு. எட்டு மாதத்தில் காலி செய்தோம், பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அட்வான்சில் ஒரு பகுதியையும் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் இந்த மண்ணின் கணக்கு புரிந்தது. மற்ற ஊர்களில் போரை ஆழமாகப் போட்டால் நல்லது என்போம். கடலோரத்தில் அது நேர்மாறு. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது, நல்ல தண்ணீர் என்பது அந்தப் படலம்தான். ஆழமாகத் துளைத்தாலோ அளவுக்கு மேல் இறைத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். மணல்மேடு உள்ள இடத்தில் கையளவு ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் இனிக்கும், நூறடி தள்ளிக் களிமண் இருக்கும் இடத்தில் வாயில் வைக்க முடியாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், அடுத்த வீட்டில் உப்பு என்பது இங்கே சாதாரணம். அதனால் 'அந்த ஏரியாவில் தண்ணீர் நல்லாயிருக்கும்' என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி விடாதீர்கள், வீட்டுக்கு வீடு பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அதில் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரை இணைத்திருக்கலாம். குளியலறைக் குழாயை ஐந்து நிமிடம் ஓட விட்டு, ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். பையில் ஒரு சோப்புத் துண்டு கொண்டு போய்க் கை கழுவுங்கள், நுரை வராமல் பிசுபிசுவென்று இழுத்தால் கடினத்தன்மை அதிகம் என்று அர்த்தம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சின்னதாக ஒன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்கிறது. மீட்டர் 2000-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரில் துணிகூட ஒழுங்காக வெளுக்காது, வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். குழாய்க் கழுத்தில் பச்சை பிடித்திருக்கிறதா, டைல்ஸில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, அதையும் கவனியுங்கள். எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் 'சித்திரை வைகாசியில என்னக்கா பண்ணுவீங்க?' என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மழைக்காலத்துக் கதையைத்தான் சொல்வார், அக்கா கோடைக் கதையைச் சொல்லுவார்.

குடிக்க, சமைக்கக் காவிரிதான். திருச்சிப் பக்கம் ஆற்றுப்படுகையில் எடுக்கிற தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் இத்தனை மாவட்டம் தாண்டி இங்கே வருகிறது. முதல் தடவை அதைக் குடத்தில் பிடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் தினமும் வராது. எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறை, குழாய் எங்காவது உடைந்தால் ஒரு வாரம்கூட ஆகும். எனவே வீட்டில் தரைத்தொட்டி இருக்கிறதா, காவிரிக்கும் போருக்கும் தனித்தனித் தொட்டியா, இரண்டும் ஒன்றிலேயே கலக்கிறதா என்று கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கலந்தால் உப்புத்தான் ஜெயிக்கும். தண்ணீர் லாரிக்காரர் ஒருவருடைய எண்ணையும், தள்ளுவண்டியில் குடம் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களையும் முதல் வாரத்திலேயே பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் அந்தத் தள்ளுவண்டி பல வீடுகளில் ஒரு பொருளாகவே இருக்கிறது, குடங்கள் உட்காருகிற மாதிரி குழி வைத்துச் செய்திருப்பார்கள். கிராமத்துப் பக்கம் குடியேறுகிறவர்களுக்கு ஒன்று, குடிதண்ணீர் ஊருணியில் செருப்போடு இறங்காதீர்கள், கால் கழுவாதீர்கள். அந்த ஒரு தப்பை ஊர் பல வருடம் மறக்காது.

சரி, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? ஆட்சியர் அலுவலகப் பக்கம் வேலையென்றால் பட்டணம்காத்தான், பாரதி நகர், ஓம்சக்தி நகர் வசதி. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் அரண்மனை, சாலைத்தெரு, கேணிக்கரை, அங்கே நெரிசல் உண்டு, ஆனால் எல்லாம் நடக்கிற தூரம். கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மண்டபம், பாம்பன் பக்கம் வீடு பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த நீட்டுத் துண்டில் விடிகாலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பைக் செயின், ஜன்னல் கம்பி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். ஜன்னலுக்கு இரும்பு வேண்டாம், யூபிவிசியோ மரமோ இருக்கிற வீடாகப் பாருங்கள். ஏ.சி. வாங்கினால் காப்பர் காயில், அதன் மேல் துருத் தடுப்புப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். வண்டியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நகரத்துக்குள் இந்தத் தொல்லை குறைவு.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம், ஆனால் பெயர்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். சென்னையில் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள், சென்னையில் சீலா என்று விற்பது வேறு மீன். இது தெரியாமல் முதல் மாதம் நானும் கடைக்கார அக்காவும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமலே நின்றோம். வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண் கடல், தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், எந்தக் கடல் அமைதியாக இருக்கிறதோ அங்கிருந்து வருகிற மீன் அந்தப் பருவத்தில் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும், ஆனால் அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே வருவதால் ருசி கூடுதல். வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மீனும் அப்போது சந்தையில் இருக்கும், செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பு மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். காரல், சூடை மாதிரி சின்ன மீன்களை ஒதுக்காதீர்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்து வீட்டில் காரலைத்தான் சாறு வைத்துக் கொடுப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வரும், அந்த வாரம் படகுகள் போகாது, சந்தை வெறிச்சோடும். அன்றைக்குக் கூடையோடு வருகிற அம்மாவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவர் வீட்டு ஆளே அந்தப் படகில் இருக்கலாம்.

மற்ற சாமான்களில் குண்டு மிளகாயை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான். நீட்டு மிளகாய்க் கணக்கு இதற்குச் சரிப்படாது, முதலில் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் நுங்கு, பதநீர், தை மாதம் பனங்கிழங்கு, கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் என்கிற இனிப்பு. கீழக்கரையில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும், சாமான் வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

மதுரை 115 கிலோமீட்டர் சொச்சம். பரமக்குடி வரை நான்குவழி, அதற்கப்புறம் இருவழிச் சாலை, இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். விமானம் வேண்டுமென்றாலும் மதுரைதான். சென்னைக்கு இரவு ரயில்கள் உண்டு, பாம்பனில் புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் அவை மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகின்றன. நாட்காட்டியில் சில தேதிகளைச் சுழித்து வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் 30-ம் தேதி வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த நாட்களில் போக்குவரத்து மாற்றம், வாகனக் கட்டுப்பாடு, சோதனை எல்லாம் இருக்கும், கல்யாணத்துக்கோ மருத்துவருக்கோ மதுரைப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை நிரம்பிவிடும். மின்சாரப் பராமரிப்புக்காக மாதம் ஒரு பகல் முழுக்க மின்தடை இருக்கும், முதல் நாள் பேப்பரில் வரும், பார்த்து முந்தின இரவே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

மருத்துவத்துக்கு நகரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது, பிரசவம், காய்ச்சல், விபத்து முதலுதவி என்று முன்பு போலப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இதய நோயாளியோ, தொடர் சிகிச்சையில் இருக்கிறவரோ இருந்தால் மதுரையில் ஒரு மருத்துவமனையை முன்பே முடிவு செய்து, கோப்பின் நகல் ஒன்றை அங்கே கொடுத்து வையுங்கள். மாமியாருக்காக நாங்கள் அப்படிச் செய்து வைத்திருந்ததால் ஒரு இரவு தப்பித்தோம்.

மனிதர்களைப் பற்றிச் சொன்னால் நிறுத்த மாட்டேன். முதல் நாள் 'எங்கிட்டு இருந்து வாறீக?' என்று கேட்பார்கள், அடுத்த கேள்வி ஊர், குடும்பம், பிள்ளைகள் என்று நீளும். நகரத்துப் பழக்கத்தில் அது துருவுவதாகத் தோன்றும். அப்படி இல்லை, உங்களுக்கு யாரும் இல்லை என்று தெரிந்தால்தான் அவர்கள் உங்கள் வீட்டுக் குடத்துக்கும் இடம் பிடித்து வைப்பார்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா, ஐயா, ஆத்தா என்றே கூப்பிடுங்கள், 'சார், மேடம்' அலுவலகத்தோடு போகட்டும். பெருநாளுக்கு வருகிற பிரியாணிப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், பொங்கலுக்கு நாம் வைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பாத்திரங்கள் யாருடையது என்றே இப்போது தெரியாத அளவுக்குச் சுற்றுகின்றன.

வீடு பிடித்துவிட்டீர்கள் என்றால் புரட்டாசி முடிவதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வருவதற்கு முன்னாலேயே மொட்டைமாடியைப் பெருக்கிக் கழுவி, மழைநீர்க் குழாயின் வாயில் வலை கட்டி, ஒரு தொட்டியைத் தேய்த்துக் காய வையுங்கள். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கினார்கள், பல வீடுகளில் குழாய் இருக்கும், அது எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பாருங்கள், சாக்கடையில் முடிந்தால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். மூன்றாவது மழையைப் பிடித்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி, அதில் துவரம்பருப்பு போட்டுப் பாருங்கள். மூன்று விசிலில் வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும்.