கரண்டி கீழே விழுந்தால் என்ன சொல்வது?

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மே மாதம் கோடை விழாவும் அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சியும் வருவதற்கு முன்னால் சீசனுக்கு ஆள் எடுப்போம். நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். கீழே சேலத்தில் அம்மாபேட்டை, அஸ்தம்பட்டியிலிருந்து கேட்டரிங் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள். அவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருவது என் வேலை.

'குட் மார்னிங் சார்', 'வெல்கம்', 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ' எல்லாம் வரும்போதே மனப்பாடமாக இருக்கும். கை தவறி ஒரு கரண்டி விழுந்தால்தான் சிக்கல். சிலர் சிலை மாதிரி நின்றுவிடுகிறார்கள். சிலர் 'சாரி சார், சாரி சார், வெரி வெரி சாரி சார்' என்று விருந்தினர் சங்கடப்படும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். பெங்களூர், கொச்சி, ஹைதராபாத் என்று பல ஊர்க்காரர்கள் வரும் இடம் இது, அவ்வப்போது வெளிநாட்டவரும் வருவார்கள். எல்லோருக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஆங்கிலம்தான். அதில் சின்னத் தவறைச் சின்னதாகவே ஒப்புக்கொள்ளத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பயத்தில் பாதி போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடை, வங்கி, மருத்துவமனை என்று எங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் 'ஊப்ஸ்'. இதை 'உப்ஸ்' என்று குறுக்கியும் சொல்வார்கள், கொஞ்சம் இழுத்தும் சொல்வார்கள். இரண்டும் சரி. குரலை உயர்த்த வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும். பேனா விழுந்தது, சாவிக்கொத்து நழுவியது, கம்ப்யூட்டரில் தப்பான பட்டனைத் தட்டிவிட்டோம் என்றால் உடனே 'ஊப்ஸ்' என்று சொல்லி, குனிந்து எடுத்து, வேலையைத் தொடர வேண்டும். இரண்டு விநாடி யோசித்துவிட்டுச் சொன்னால் அது நடிப்பு மாதிரி ஆகிவிடும்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மாதிரிச் சத்தங்களை ஆராய்ந்திருக்கிறார். தனக்குள் சொல்லிக்கொள்வது போல இருந்தாலும் 'ஊப்ஸ்' பக்கத்தில் இருப்பவர்களுக்காகத்தான் என்பது அவர் பார்வை. கை தவறியது எனக்கே தெரியும், தவறியது இந்த ஒரு கணம்தான், மற்றதெல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அது சுற்றி நிற்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. சாப்பாட்டு அறையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். தட்டில் கரண்டி சாய்ந்ததும் 'ஊப்ஸ்' என்று நிமிர்த்தி வைக்கும் பையனிடம் விருந்தினர் நிம்மதியாகக் காபி வாங்குகிறார். ஒன்றுமே சொல்லாமல் போகிறவனிடம், இவன் அதைக் கவனித்தானா இல்லையா என்று ஒரு சந்தேகத்தோடுதான் வாங்குகிறார்.

ஆனால் 'ஊப்ஸ்' மன்னிப்பு ஆகாது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நான் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: நஷ்டம் யாருக்கு? உங்கள் பேனா விழுந்தால் நஷ்டம் உங்களுக்கு, 'ஊப்ஸ்' போதும். விருந்தினரின் காபி சாசரில் தளும்பிவிட்டால் அவருக்குக் கொஞ்சம் சிரமம். 'ஊப்ஸ், சாரி, லெட் மீ சேஞ்ச் தட்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அவர் சட்டையில் கொட்டிவிட்டால் 'ஊப்ஸ்' என்ற பேச்சே கூடாது. அவருடைய நஷ்டத்தை நீங்கள் சின்னதாக்கிப் பேசுவது போல ஆகிவிடும். 'ஓ, ஐ'ம் ஸோ சாரி' என்று ஒரு தடவை, மனதாரச் சொல்லிவிட்டுத் துணி எடுக்க ஓடுங்கள். கொட்டியது சூடான காபி என்றால் சாரிக்கும் முன்னால் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்க வேண்டும். சட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பணமும் அப்படித்தான். பில்லில் ஒரு சைபர் கூடிவிட்டால் அதற்கு 'ஊப்ஸ்' சொல்லாதீர்கள். 'ஐ'ம் சாரி, தட்'ஸ் அவர் மிஸ்டேக், ஐ'ல் கரெக்ட் இட் ரைட் அவே' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். பண விஷயத்தில் குரல் விளையாட்டாக இருந்தால் நம்பிக்கை போய்விடும்.

'வுப்ஸ்' என்பது 'ஊப்ஸு'க்குக் கூடப் பிறந்தது மாதிரி. ஒன்று வர வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். என் காதுக்கு, உடம்பே தடுமாறும்போது 'வுப்ஸ்' இன்னும் பொருத்தமாக இருக்கிறது. சேலத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு இருபது. நின்றுகொண்டு வந்தால் ஏதாவது ஒரு வளைவில் பக்கத்து ஆள் மேல் சாய்ந்தே தீருவோம். 'வுப்ஸ், சாரி' என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏரியில் மிதி படகுகள் முட்டிக்கொண்டாலும் இதேதான். 'வுப்ஸி டெய்ஸி' என்று ஒன்று உண்டு. அது விழுந்த குழந்தையைத் தூக்கும்போது கொஞ்சலாகச் சொல்வது. படியில் தடுமாறிய ஒரு பாட்டியம்மாவிடம் அதைச் சொல்லக் கூடாது. அவரிடம் கை கொடுத்து 'கேர்ஃபுல் மேடம், ஆர் யூ ஆல்ரைட்?' என்று கேட்பதுதான் மரியாதை.

அடுத்தது 'அ-ஓ'. முதல் எழுத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும்; முதலாவது மேல் குரலில், இரண்டாவது இறங்கிய குரலில். கை தவறிய பின் வருவது 'ஊப்ஸ்' என்றால், ஏதோ வம்பு வரப்போகிறது என்று கண்ணில் பட்டதும் வருவது 'அ-ஓ'. பக்கோடா பாயின்ட் என்ற காட்சிமுனைக்குக் கிளம்பும் நேரத்தில் மூடுபனி இறங்கினால் நண்பர்களுக்குள் 'அ-ஓ' சொல்லலாம். வேலை செய்யும் இடத்தில் அதை அடக்கிக்கொள்ளுங்கள். குழந்தை குட்டியோடு அத்தனை வளைவும் ஏறி வந்து நிற்பவர் முன்னால், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து 'அ-ஓ' என்றால் ரூம் கிடையாது என்றே அவர் முடிவு செய்துவிடுவார். ஊசி போடும் நர்ஸுக்கும், முடி வெட்டுபவருக்கும், பிளவுஸுக்கு அளவெடுக்கும் டெய்லருக்கும் இதே எச்சரிக்கை. 'ஒன் மொமென்ட் ப்ளீஸ், லெட் மீ செக்' என்று சொல்லிவிட்டு நிதானமாகத் தேடுங்கள்.

இப்போது இளவட்டங்கள் எல்லோர் வாயிலும் 'மை பேட்' வருகிறது. இது அமெரிக்கக் கூடைப்பந்து மைதானங்களில் புழங்கிய பேச்சு. 1980களில் அச்சில் ஏறியது. பந்தைத் தப்பாகப் போட்டவன் கையைத் தூக்கி, தப்பு என்னுடையது, ஆட்டத்தைத் தொடருங்கள் என்று சொல்வது. கூட வேலை செய்பவர்களிடம் இது அழகான வார்த்தை. யார் மேலும் பழி போடாமல் ஒரே நொடியில் விஷயம் முடிந்துவிடும். விருந்தினரிடமும் மேனேஜரிடமும் வயதில் பெரியவர்களிடமும் 'மை மிஸ்டேக்' என்று சொல்லுங்கள். தப்பான அறைச் சாவியைக் கொடுத்துவிட்டால் 'மை மிஸ்டேக் சார், ஹியர்'ஸ் த ரைட் கீ'. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டு சாவியும் ஒரே கொக்கியில் இருந்தது, முன் ஷிஃப்ட்காரர் மாற்றி வைத்துவிட்டார் என்றெல்லாம் ஆரம்பித்தால் ஒப்புக்கொண்டதும் வீணாகிவிடும்.

பேசும்போது வாய் தவறினால் வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 'செக் அவுட் இஸ் அட் ட்வெல்வ், சாரி, இலெவன்' என்று ஓட்டத்திலேயே திருத்திக்கொள்ளலாம். 'ஐ மீன்' போட்டும் திருத்தலாம். ஆங்கிலம் பேசிப் பழகியவர்களும் நாள் முழுக்க இப்படித்தான் திருத்திக்கொள்கிறார்கள். இதைச் சொன்ன அன்றைக்கே பல பிள்ளைகளுக்கு வாய் திறந்துவிடுகிறது. தப்பே இல்லாமல் பேசினால்தான் பேச்சு என்று அதுவரை நினைத்திருப்பார்கள்.

'சாரி' எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் குரல் பலருக்குத் தெரியாது. குரல் இறங்கினால் மன்னிப்பு. கடைசியில் குரல் ஏறினால், காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். 'வாட்?' என்று கேட்பதை விட இது நூறு மடங்கு பணிவு. 'எக்ஸ்க்யூஸ் மீ' பெரும்பாலும் முன்னால் வரும், 'சாரி' பின்னால் வரும்: இருவருக்கு நடுவில் புகுந்து போவதற்கு முன் முதலாவது, போகும்போது தோள் இடித்துவிட்டால் இரண்டாவது. தும்மல், ஏப்பம், இருமலுக்கு மட்டும் வந்த பிறகு 'எக்ஸ்க்யூஸ் மீ'.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் வாயும் உடம்பும் பழகிய சில பழக்கங்கள் வெளியாளுக்கு வேறு மாதிரிப் போய்ச் சேருகின்றன.

ஒருவர் கையிலிருந்து பொருள் விழுந்தால் நாம் நாக்கால் 'உச்' கொட்டுவோம். நம் ஊரில் அது பரிவு. ஐயோ பாவம், இப்படி ஆகிவிட்டதே என்று கூட நிற்பது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட அதே சத்தம் கண்டிப்பு; என்ன பிள்ளை நீ என்று டீச்சர் முறைக்கிற மாதிரி. ஐஸ்கிரீம் கீழே விழுந்த குழந்தையின் தாயிடம் பரிவோடு உச் கொட்டிய ஒரு பெண்ணை அந்தத் தாய் வெடுக்கென்று திரும்பிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, கண் கலங்கிவிட்டது. அவளுடைய மனது அத்தனை நல்ல மனது. இப்படி இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் தப்பாக எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த உச்சுக்குப் பதிலாக 'ஓ நோ!' என்று சொல்லுங்கள். கொஞ்சம் இழுத்து, முகத்தில் வருத்தத்தோடு. நீங்கள் சொல்ல நினைத்த பரிவு அப்படியே போய்ச் சேரும்.

இன்னொன்று சிரிப்பு. தவறு நடந்ததும் வெட்கத்தில் நமக்கு ஒரு புன்னகை வந்துவிடும். பார்ப்பவர் அதைக் கேலி என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும். சிரிப்பை அடக்கு என்றால் யாராலும் முடியாது. அதனால் முதலில் வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். 'சாரி அபௌட் தட்' என்ற பிறகு வரும் புன்னகை யாரையும் புண்படுத்தாது. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் அல்லவா, அதை விட வேண்டாம். அழகான பழக்கம். ஆனால் வெளியாளுக்கு அது என்னவென்று தெரியாது, கூடவே 'சாரி' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். பெண் விருந்தினர் என்றால் தொடாமல் வாயால் மட்டும்.

'ஐயோ' சொல்லலாமா என்று எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே 2016இல் அதைச் சேர்த்துக்கொண்டது. அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பர் பறந்ததற்கு உரக்க ஐயோ என்றால் மாடியில் இருப்பவர் இறங்கி வந்துவிடுவார். அடிபட்டு வலித்தால் 'அம்மா' என்று கத்துவதை 'அவுச்' ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. வலிக்கு யாரும் இலக்கணம் பார்க்க மாட்டார்கள்.

எதிராளி 'ஊப்ஸ்' என்றால் நாம் என்ன சொல்வது என்பதும் பாதிப் பாடம். எஸ்டேட் காபியைத் தவரா டம்ளரில் கொடுத்தால் வடக்கத்தியர் பலருக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாது. விளிம்பை விட்டு நடுவில் பிடித்து, சுட்டு, சிந்தி 'ஊப்ஸ்' என்பார்கள். தவராவுக்குள் சிந்தினால் அது சிந்தலே இல்லை, அதற்குத்தான் தவரா என்று காட்டிக்கொடுங்கள். மேசையில் சிந்தினால் 'நோ ப்ராப்ளம் அட் ஆல்', 'டோன்ட் வொர்ரி அபௌட் இட்', 'இட் ஹேப்பன்ஸ்', எது வாய்க்கு வருகிறதோ அது. கண்ணாடி உடைந்தால் 'ப்ளீஸ் மைண்ட் யுவர் ஃபீட்' முதலில். உடைந்ததற்குப் பணம் வாங்குவதாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். 'நெவர் மைண்ட்' கொஞ்சம் கவனமாக: குரல் தட்டையாக இருந்தால், போ, விடு என்பது போலக் கேட்கும்.

வாட்ஸ்அப்பில் தப்பான படம் போய்விட்டால் 'ஊப்ஸ், ராங் போட்டோ' என்று எழுதி அடுத்ததை அனுப்பலாம். புகாருக்குப் பதில் எழுதும் மெயிலில் இந்தச் சத்தம் எதுவும் வேண்டாம்.

பழகுவது எப்படி என்றால், எழுதிப் படித்தால் இது வராது, கையோடு சேர்த்துப் பழக வேண்டும். நாங்கள் மதிய நேரம் சாப்பாட்டு அறை காலியாக இருக்கும்போது செய்வோம். ஒருவர் ட்ரேயோடு நடப்பார். இன்னொருவர் எதிர்பாராத நேரத்தில் ஒரு கரண்டியைத் தட்டிவிடுவார். உடனே வார்த்தை வர வேண்டும், உடனே கை போக வேண்டும். அப்புறம் மூன்றாமவர் விருந்தினராக உட்கார்ந்து, இது அவர் நஷ்டமா உங்கள் நஷ்டமா என்பதை மாற்றி மாற்றிச் சொல்வார். அதற்கேற்ப 'ஊப்ஸ்' சாரியாக மாற வேண்டும். ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பழகுங்கள், கண்ணாடி வேண்டாம். வீட்டில் தனியாகப் பழகுபவர்கள் சமையல்கட்டில் எது விழுந்தாலும் சொல்லிப் பாருங்கள். முதலில் வாய் கூசும். வீட்டில் யாராவது கேட்டுவிட்டு என்ன என்று விசாரித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒரு ஆள் இருந்தால் 'டோன்ட் வொர்ரி அபௌட் இட்' பாதியையும் அன்றைக்கே பழகிவிடலாம்.